யோ வரிசையில் ஏழாவது பாட்டு

ஏரிப்பாக்கத்தில் முதன்முதலாக ஒரு மனுஷன் நெற்றியில் மார்க் விழுந்தது ஓர் ஆவணி மாச ஞாயிற்றுக்கிழமையில், பகல் பதினோரு மணிக்கு, குழந்தைக்குப் பெயர் வைக்கிற வீட்டில், பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில். மார்க் வாங்கினவன் தண்டபாணி, டிவி ரிப்பேர்க்காரன், குழந்தைக்குத் தாய்மாமன். வாங்கினது எழுபத்து நாலு. நீல நிறத்தில், இரண்டு விரல் உயரத்தில், புருவத்துக்கு மேலே அச்சடித்த மாதிரி நின்றது. தண்ணீர் தொட்டுத் துடைத்தார்கள், சீயக்காய் போட்டுத் தேய்த்தார்கள், மண்ணெண்ணெய்த் துணியால் ஒருத்தி அழுத்தி அழுத்தித் துடைத்ததில் அவன் தோல்தான் சிவந்தது, எழுபத்து நாலில் அரை மார்க்கூடக் குறையவில்லை.

யாரும் ஆச்சரியப்படவில்லை என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள்: பிறந்ததிலிருந்து நெற்றியில் என்னமோ எழுதியிருக்கிறது, எழுதியிருக்கிறது என்று கேட்டுக் கேட்டே வளர்ந்த ஜனங்கள், காய்ச்சல் வந்தால் தலையெழுத்து, பஸ் போய்விட்டால் தலையெழுத்து, கட்டினவன் சரியில்லை என்றால் அது பெரிய தலையெழுத்து. இத்தனை நாள் படிக்க முடியாமல் இருந்தது, இப்போது படிக்க முடிகிறது, அவ்வளவுதானே? தண்டபாணியின் பெண்டாட்டி மட்டும் அழுதாள், அதுவும் சந்தோஷத்தில். "பத்தாவதுல எல்லாத்துலயும் முப்பத்தஞ்சு வாங்கின மனுஷன், இன்னிக்கு எழுபத்து நாலு! எங்கப்பா இதைப் பாக்கக் குடுத்து வைக்கலையே!" என்று மூக்கைச் சிந்தினாள்.

மார்க் போட்டது கனகவல்லியின் மெஷின். ஊருக்கு வெளியே கார் கண்ணாடி துடைக்கிற ரப்பர் செய்யும் ஜப்பான்காரர்களின் கம்பெனி ஒன்று இருந்ததே, அதன் கெஸ்ட் ஹவுஸில் பதினாறு வருஷம் சமைத்தவள் கனகவல்லி. சாயங்காலம் ஆனால் ஹிராத்தா சாரும் மற்ற பெரிய ஆபீசர்களும் டையைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்து, ஒருவர் மாற்றி ஒருவர் மைக்கைப் பிடித்துப் பாடுவார்கள். வாத்தியம் மெஷினுடையது, வாய் நம்முடையது, திரையில் எழுத்து ஓட ஓடப் பாட வேண்டும்; அதற்குப் பேர் கரோக்கி. பாடி முடித்ததும் நூற்றுக்கு இத்தனை என்று மெஷின் மார்க் போடும். அங்கே அது திரையில் வந்து திரையிலேயே போய்விடும். எல்லாரும் கைதட்டிச் சிரிப்பார்கள், மறுநாள் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

பாட்டுப் புத்தகம் தலையணை கனம். பாட்டுகளை முதல் எழுத்துப்படி அடுக்கியிருந்தார்கள்: அ, இ, உ, எ, ஒ, அப்புறம் க வரிசை, ஸ வரிசை என்று ஏறக்குறைய நம் அரிச்சுவடி மாதிரியே. கனகவல்லிக்கு ஜப்பான் எழுத்து ஒன்றும் தெரியாததால், மொழிபெயர்க்க வந்த பெண் ஒவ்வொரு வரிசைக்கும் ஓரத்தில் முதல் எழுத்தை மட்டும் தமிழில் பென்சிலால் குறித்துக் கொடுத்திருந்தாள். ஹாலிலிருந்து "கனகா-சான், ஸா, மூணு" என்று குரல் வரும்; சான் என்பது அவர்கள் ஊர் மரியாதை. இவள் வறுக்கிற மீனைத் திருப்பிப் போட்டுவிட்டு ஓடி வந்து, ஸா வரிசையில் மூன்றாவது பாட்டின் நம்பரைத் தட்டிவிட்டு, மீன் கருகுவதற்குள் அடுப்புக்குத் திரும்பி ஓடுவாள். சமையலறை மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த அவள் மகள் ஜீவிதாவுக்கு அந்தப் பாட்டெல்லாம் வாய்ப்பாட்டோடு வாய்ப்பாடாகக் காதில் ஏறின. அதிலும் யோ வரிசையில் ஏழாவது பாட்டு. ஹிராத்தா சார் தினமும் கடைசியாக அதைத்தான் பாடுவார்; நம்பர் மனப்பாடமாகிவிட்டதால் அதற்கு மட்டும் கனகவல்லி புத்தகத்தைத் திறக்கவே மாட்டாள். மெதுவான பாட்டு. என்ன அர்த்தமோ, யாரை நினைத்துப் பாடினாரோ, பாடி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வார். கம்பெனி வேறு மாநிலத்துக்குப் போனபோது மெஷினையும் புத்தகத்தையும் கனகவல்லியிடம் இரண்டு கையாலும் கொடுத்து, இடுப்பு வரை குனிந்து கும்பிட்டுவிட்டுப் போனார்.

அந்தப் பெயர் வைக்கிற வீட்டுக்கு மைக்செட்காரன் வராமல் போனதால்தான் கனகவல்லியின் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சடகோப ஜோதிடர் பஞ்சாங்கத்தை விரித்து, "குழந்தை கார்த்திகை. அ, இ, உ, எ, இந்த நாலு எழுத்துல ஒண்ணுலதான் பேர் ஆரம்பிக்கணும்" என்று மைக்கில் சொன்னார். ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் நாலு எழுத்து உண்டு, அதை மீறிப் பெயர் வைக்கிற தைரியம் ஏரிப்பாக்கத்தில் யாருக்கும் இல்லை. தண்டபாணிக்குக் குஷி. "நான் தாய்மாமன், என் பங்குக்கு 'அ'வுல ஒரு பாட்டுப் பாடுறேன். போடுங்கக்கா!" என்று மைக்கைப் பிடுங்கிக்கொண்டு, திரையில் ஓடிய எழுத்தைப் பார்த்து வாய்க்கு வந்ததை எல்லாம் பாடினான். பாடி முடித்தான், விழுந்தது எழுபத்து நாலு. அவனும் கார்த்திகைதான் என்பது அதற்கப்புறம்தான் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. வந்ததும் சடகோப ஜோதிடர் எழுந்து நின்றார். "நட்சத்திர எழுத்து! அவனவன் நட்சத்திரத்து எழுத்துல பாடினா அவனவன் யோக்கியதை நெத்தியில வருது. இது நம்ம சாஸ்திரம்தான். எவனோ எடுத்துட்டுப் போய் மெஷின்ல அடைச்சு வெச்சிருக்கான்" என்றார். ஜனங்கள் கைதட்டினார்கள்.

கனகவல்லி அப்போதே சொன்னாள், பாவம். "ஐயா, அப்படி எல்லாம் ஒண்ணும் இல்லீங்க. தெரிஞ்ச பாட்டைப் பாடினா மார்க் வரும், தெரியாததைக் கத்தினா ஏதோ குருட்டாம்போக்குல விழும். ஹிராத்தா சாரே ஒரு நாள் தொண்ணூறு வாங்குவாரு, ஒரு நாள் முப்பது வாங்குவாரு" என்றாள். ஜோதிடர் அவளைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும். "மீன் வறுக்கறவ மீனை வறுக்கணும்" என்றார். அதோடு அவள் வாயை மூடிக்கொண்டாள். மூடிக்கொண்டதற்கு அது மட்டும் காரணம் இல்லை. நட்சத்திரப் பேச்சு வந்தாலே அவள் வாய் தானாக மூடிக்கொள்ளும். ஏன் என்பதற்கு அப்புறம் வருகிறேன்.

மறுநாளே கனகவல்லியின் வீட்டு வாசலில் வரிசை நின்றது. ஒரே மாசத்தில் ஏரிப்பாக்கத்தில் மார்க் இல்லாத நெற்றி கைக்குழந்தைகளுக்கும், மெஷினை ஓட்டிய கனகவல்லிக்கும், ஜோதிடருக்கும்தான் இருந்தது. பரிமாறுகிறவள் பந்தியில் உட்கார முடியாது என்று இவளை விட்டுவிட்டார்கள், ஜோதிடன் தன் ஜாதகத்தைத் தானே பார்க்கக் கூடாது என்று அவர் தன்னை விட்டுவிட்டார். மகத்துக்காரர்கள் மா, மி என்று பாடினார்கள், சதயத்துக்காரர்கள் ஸ, ஸி என்று பாடினார்கள். நட்சத்திரம் பார்க்காத எட்வினும் ஜமீலாவும் தங்கள் பெயரின் முதல் எழுத்தில் பாட்டெடுத்துப் பாடி எல்லாரையும் போலவே முன்னே பின்னே மார்க் வாங்கினார்கள். அதிலிருந்து யாரும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. இரண்டாம் தடவை பாடினால் பழைய மார்க் அழிந்து புது மார்க் விழும். ஆனால் இருக்கிற அறுபதும் போய் இருபதாகிவிட்டால் என்ன செய்வது என்று அறுபதுக்காரர்கள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, ஊர் அந்த மார்க்கை இட்லிக்குச் சட்னி மாதிரி வாழ்க்கையோடு சேர்த்துக்கொண்டது. மளிகைக் கடை மாடியில் 'உதயசூரிய ஜப்பானியப் பாட்டுப் பயிற்சி மையம்' திறந்தார்கள், காலை ஐந்தரைக்கு ஒரு பேட்ச், சாயங்காலம் இரண்டு பேட்ச். ஒரு வார்த்தை ஜப்பான் மொழி தெரியாத வாத்தியார் பிரம்போடு நின்று, "யூனு வாயைக் குவி, யூ, யூ" என்று கேட்டை நட்சத்திரத்துப் பிள்ளைகளைக் குவிக்க வைத்தார். தொண்ணூற்றேழு வாங்கிய தலைமையாசிரியைக்கு முச்சந்தியில் பன்னிரண்டடி பேனர் வைத்தார்கள். கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தை மடித்து வைத்துவிட்டு "மொதல்ல நெத்தியைக் காட்டுங்க" என்றார்கள். ஒன்றியச் செயலாளருக்குப் பத்தொன்பது விழுந்தது. அவர் மூன்று நாள் தலையில் துண்டோடு திரிந்தார், நாலாம் நாள் அவருடைய ஆட்கள், "தலைவருக்கு வந்தது மார்க் இல்லை, ரேங்க்" என்று கண்டுபிடித்துப் பட்டாசு வெடித்தார்கள். முப்பதுக்குக் கீழே வாங்கினவர்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பந்தியில் கடைசி இலை, பஸ்ஸில் படிக்கட்டு, பேச ஆரம்பித்தால் எதிராளி எங்கேயோ பார்ப்பது, இவ்வளவுதான்.

இப்போது கனகவல்லியின் வாய்க்கு வருகிறேன். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால், வண்டி கிடைக்காமல் வீட்டிலேயே ஜீவிதா பிறந்தபோது கனகவல்லியின் புருஷன் லாரியோடு நாக்பூரில் இருந்தான். நர்ஸம்மா நேரத்தைச் சொன்னதும் கனகவல்லி கிடந்தபடியே சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். மூலம். ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம் என்பார்கள்; மூலத்துப் பெண் போகிற வீட்டில் மாமனார் தங்க மாட்டார் என்பார்கள்; அவளுடைய சித்தி மகள் மூலம் என்ற ஒரே காரணத்தால் முப்பத்தொன்பது வயசு வரை பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காபி கொடுத்தே கை காய்த்துப் போனவள். ஒரு நாள் முன்னால் நகர்த்தலாம் என்று பார்த்தால் கேட்டை, மூத்த மச்சானுக்கு ஆகாது. ஒரு நாள் பின்னால் தள்ளலாம் என்றால் பூராடம், கழுத்தில் நூலாடாது. கனகவல்லி பெற்ற வயிறு வலிக்க வலிக்க விரல்விட்டு எண்ணி, இரண்டு நாள் தள்ளி உத்திராடத்தில் குழந்தையைக் கொண்டுபோய் வைத்தாள். நாக்பூருக்கு இரண்டு நாள் கழித்துத்தான் போன் பண்ணினாள். அவனும் நம்பினான், நம்பியபடியே எட்டு வருஷத்துக்கு முன் போயும் சேர்ந்துவிட்டான். உத்திராடத்து எழுத்து ஜா, ஜீ, அதனால் ஜீவிதா.

மூலத்து எழுத்து யே, யோ, பா, பீ. பாட்டுப் புத்தகத்தில் மற்ற வரிசைகளெல்லாம் குங்குமமும் எண்ணெயும் பட்டு, விரல் பட்டு, முனை மடிந்து கிடக்க, இந்த நாலு எழுத்துப் பக்கங்கள் மட்டும் கடையில் வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரி வெள்ளைவெளேரென்று இருந்தன. ஆண்கள்கூட, அக்கா தங்கையைச் சந்தேகப்படுவார்களோ என்று அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை. அதாவது எட்டாயிரம் ஜனம் இருக்கிற ஏரிப்பாக்கத்தில் மூல நட்சத்திரத்தில் ஒருத்திகூடப் பிறக்கவில்லை. புத்தகத்தைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் கனகவல்லி அந்த வெள்ளைப் பக்கங்களைப் பார்த்தாள்; எனக்கு முன்னால் எத்தனை பெண்கள் காலண்டரைப் பார்த்து எண்ணியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வாள். நினைத்து என்ன, வெளியே சொல்ல முடியுமா?

ஜீவிதாவும் கோகுல் என்ற பையனும் ஒரே கம்பெனி பஸ்ஸில் நாலு வருஷம் போய் வந்து, ஒருத்தரை ஒருத்தர் விரும்பி, வீட்டில் சொல்லி, எல்லாம் கூடிவந்த நேரத்தில்தான் இந்த மார்க் வந்து தொலைத்தது. கோகுலுக்கு எண்பத்தாறு. அவன் அம்மா சொர்ணத்துக்குத் தொண்ணூற்றொன்று. அந்தத் தொண்ணூற்றொன்று மறையக் கூடாது என்று முடியை ஏற்றி வாரி, பொட்டைக் கீழே இறக்கி மூக்கின் மேல் வைத்துக்கொண்டவள். அப்பா ஏகாம்பரத்துக்கு இருபத்து மூன்று. வீட்டில் அவரைக் கூப்பிடுவது குறைந்துபோய், "அந்த இருபத்து மூணு சாப்பிட்டாச்சா?" என்று கேட்கிற அளவுக்கு வந்திருந்தது. அவர் அதற்கும் "ஆச்சு" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பொண்ணு பாடட்டும், கனகம்மா" என்றாள் சொர்ணம். "நான் ஒண்ணும் பேராசைக்காரி இல்ல. எண்பது வந்தாப் போதும்." ஜீவிதாவுக்கு ஜீ வரிசையில் பாட்டெடுத்துக் கொடுத்தாள் கனகவல்லி, வேறென்ன செய்வாள், ஊருக்குத் தெரிந்து அவள் உத்திராடம். அது கெஸ்ட் ஹவுஸில் குடித்துவிட்டு வரும் சின்ன ஆபீசர்கள் கத்துகிற வேகப் பாட்டு, ஜீவிதா அதைக் காது கொடுத்துக் கேட்டதே இல்லை. பதினொன்று விழுந்தது.

பதினொன்று! ஜீவிதா கண்ணாடியைப் பார்த்துவிட்டு, முகம் கழுவிவிட்டு, மறுபடி பார்த்தாள். கோகுல் பார்க்க வந்தான், அவள் நெற்றியைப் பார்க்காமல் அவள் தோளைப் பார்த்துப் பேசினான். "எனக்கு ஒண்ணும் இல்ல ஜீவி. ஆனா அம்மா சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கில்ல?" என்றான். குறித்த தேதியில் நிச்சயதார்த்தம், அன்றைக்கே பெண் திரும்பப் பாட வேண்டும், எண்பதை அறுபதாகக் குறைத்துக்கொள்கிறேன், அதற்கும் கீழே என்றால் தட்டு மாற்றுவதில்லை என்று சொர்ணம் சொல்லியனுப்பினாள். ஜீவிதா பயிற்சி மையத்தில் சேர்ந்து ஆறு வாரம் ஜீ, ஜீ என்று கத்தினாள். தொண்டை கட்டியதுதான் மிச்சம். வாத்தியாரே கடைசியில் பிரம்பைக் கீழே வைத்துவிட்டார்.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் மத்தியானம், தாம்பாளத்தில் வெற்றிலையை அடுக்கிக்கொண்டே கனகவல்லி எல்லாவற்றையும் மகளிடம் கொட்டிவிட்டாள். கேட்டை, மூலம், பூராடம், நாக்பூர், காலண்டர், ஒன்று விடவில்லை. "உனக்கு ஜீ வராதுடி கண்ணு, அது உன் பாட்டே இல்ல. தூங்கி எழுந்து பாடினாலும் உனக்கு அந்த யோ பாட்டு வரும். அதைச் சொல்ல முடியாம ஆறு வாரமா என் நெஞ்சு வெந்து போச்சு. அதைப் பாடினா மூலம்னு ஊருக்கே தெரிஞ்சுடும். பாடலைன்னா பதினொண்ணு. ரெண்டு பக்கமும் நானே கதவைச் சாத்திட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஜீவிதா ஒரு வெற்றிலைக் காம்பைக் கிள்ளினாள். "அப்ப இருபத்தஞ்சு வருஷமா நான் தப்பான நாள்ல கேக் வெட்டிட்டிருக்கேன்" என்றாள்.

"ஆமாம்மா."

"ஒரு வருஷமாவது ரெண்டு நாள் முன்னாடி எனக்கு ஏதாவது பண்ணியிருக்கியா?"

"வருஷா வருஷம் சேமியா பாயசம் வெச்சுக் குடுப்பேனே, எதுக்குன்னு கேட்டா சும்மாதான்னு சொல்வேனே" என்றாள் கனகவல்லி. மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், அம்மாவும் அழுதாள், வெற்றிலையெல்லாம் கலைந்தது.

மறுநாள் காலை பத்தரைக்குச் சமுதாயக் கூடம் நிறைந்துவிட்டது. மெஷின் மேடையில். சாப்பாடு பெண் வீட்டுச் செலவு, பந்தி கீழே தயார். எதிரும் புதிருமாகத் தாம்பாளங்கள். சடகோப ஜோதிடர் ஓலை எழுதப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "உத்திராடம், ஜீ வரிசை, நல்லதா ஒண்ணு எடும்மா" என்றார். கனகவல்லி புத்தகத்தைத் திறந்தாள்.

ஜீவிதா மைக்கைக் கையில் எடுத்தாள். "அம்மா," என்றாள், "யோ, ஏழு."

கெஸ்ட் ஹவுஸ் ஹாலிலிருந்து வருகிற மாதிரியே வந்தது அந்தக் குரல். கனகவல்லியின் விரல் பட்டன் மேலே நின்றது. தட்டவேண்டியது அவள்தான். ஜீ வரிசையில் எதையாவது தட்டிவிட்டு, பிள்ளை வாய் தவறிச் சொல்லிவிட்டாள் என்று சமாளிக்கலாம். பதினொன்றோ பன்னிரண்டோ விழும், சம்பந்தம் முறியும், ஆனால் மூலம் வெளியே வராது, நாளைக்கு வேறு இடம் பார்க்கலாம். இருபத்தைந்து வருஷமாகக் கட்டிக் காப்பாற்றியது அந்த ஒரு விரலில் இருந்தது. அவளுக்கு, போதும்டா சாமி என்று இருந்தது. வெள்ளைப் பக்கத்தைத் திருப்பினாள், அது ஒட்டிக்கொண்டிருந்ததால் பிரியும்போது சத்தம் கேட்டது. ஏழாவது நம்பரைத் தட்டினாள்.

"யோவா?" என்று ஜோதிடர் எழுந்துவிட்டார். "அது மூலமாச்சே!"

"ஆமாங்க, மூலம்தான்" என்றாள் கனகவல்லி, கூடத்தில் இருக்கும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "என் பொண்ணு மூலம். உத்திராடம்னு நான்தான் பொய் சொன்னேன். என்ன பண்ணணுமோ பண்ணிக்குங்க."

கூடம் தேன்கூட்டில் கல் விழுந்த மாதிரி ஆனது. சொர்ணம், "நிறுத்து! மொதல்ல அந்த மெஷினை நிறுத்து!" என்று கத்தினாள். ஆனால் வாத்தியம் ஆரம்பித்துவிட்டது, ஜீவிதாவும் ஆரம்பித்துவிட்டாள். அவள் திரையைப் பார்க்கவே இல்லை. கூட்டலும் பெருக்கலும் படித்த வயசில் மீன் வாசனையோடு உள்ளே போன பாட்டு, அது பாட்டுக்கு வெளியே வந்தது. யாரோ ஒருத்தர் போய்விட்ட ஒருத்தரை மெதுவாகக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. கத்திக்கொண்டிருந்தவர்கள் கத்துவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கடைசி வரி வந்தபோது ஜீவிதா கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணுக்கு மேலே நூறு விழுந்தது.

ஏரிப்பாக்கம் அதுவரை நூறைப் பார்த்ததில்லை. தலைமையாசிரியை கைக்குட்டையால் தன் தொண்ணூற்றேழை ஒற்றிக்கொண்டாள். சொர்ணத்தின் முகத்தைத்தான் பார்த்திருக்க வேண்டும்: மூலம் என்று கறுத்தது, நூறு என்று வெளுத்தது, மறுபடி கறுத்தது, அப்புறம் ஒரு வழியாகத் தெளிந்தது. அவள் ஜோதிடர் பக்கம் திரும்பினாள்.

"ஜோசியரே, பெண் மூலம் மாமனாருக்குத்தானே ஆகாது? மாமியாருக்கு ஒண்ணும் சொல்லலையே?"

"மாமியாருக்கு ஒரு தோஷமும் கிடையாதும்மா. உங்களுக்குத் தீர்க்காயுசு."

"அப்ப என்ன, தட்டை மாத்துங்க" என்றாள் சொர்ணம். "நூறு வர்ற எடத்துல இதெல்லாம் பாத்தா முடியுமா? அவருக்கும் எழுபது ஆச்சு, சுகர் வேற. அவர் பாக்க வேண்டியதெல்லாம் பாத்தாச்சு."

கூடமே ஏகாம்பரத்தைப் பார்த்தது. அவர் கையில் வடையோடு உட்கார்ந்திருந்தார். வடையைக் கீழே வைப்பதா வாயில் வைப்பதா என்று தெரியாமல், "நான் என்ன சொல்றது? நூறாச்சே" என்றார். இரண்டு பேர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். "பெரிய மனசு" என்றார் ஜோதிடர், ஓலையில் எழுதிக்கொண்டே.

ஜீவிதா கோகுலைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்வான் என்று பார்த்தாள். கோகுல் இப்போது அவள் தோளைப் பார்க்கவில்லை, நேராக நெற்றியைப் பார்த்தான், கண் பளபளவென்று இருந்தது. "அப்பாவே சரின்னுட்டாரே ஜீவி" என்றான்.

மைக் இன்னும் அவள் கையில்தான் இருந்தது. அதனால் அவள் மெதுவாகச் சொன்னதும் கூடம் முழுக்கக் கேட்டது. "நான் பதினொண்ணா இருந்தப்ப என்னை விட்டுக் குடுத்தே. நான் நூறானதும் உங்கப்பாவை விட்டுக் குடுக்கிறே. எத்தனை மார்க் வாங்கினா ஒரு ஆளை நீ விடாம வெச்சுக்குவே, கோகுல்?"

கோகுல் மெஷினைப் பார்த்தான். அதனால்கூட அவனுக்கு உதவ முடியவில்லை. ஜீவிதா மைக்கை மேடையில் வைத்தாள். "வேண்டாம்மா" என்று அம்மாவிடம் சொன்னாள். கனகவல்லி குனிந்து தங்கள் தாம்பாளத்தைத் தங்கள் பக்கமே இழுத்துக்கொண்டாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை; மூச்சு நன்றாக வந்தது.

மறு வாரத்திலேயே ஏரிப்பாக்கத்தில் முப்பத்தேழு வீட்டில், எங்கள் பெண்ணும் மூலம்தான், அப்போதே எங்களுக்குச் சந்தேகம், கடிகாரம்தான் ஓடவில்லை என்று கிளம்பி, யோ வரிசைப் பக்கம் கை பட்டுப் பட்டுக் கிழிந்து செல்லோடேப் ஒட்டும்படி ஆனது. ஜோதிடர் 'மூலம்: மறைக்கப்பட்ட மாணிக்கம்' என்று சின்னப் புத்தகமே போட்டுவிட்டார். ஊர் திருந்துமா? அது கிடக்கட்டும். அன்றைக்குக் கூடத்தில் அதற்கப்புறம் நடந்தது இவ்வளவுதான். சொர்ணம் பொட்டு நனைய வேர்த்துக்கொண்டு, வாய்க்கு வந்ததைத் திட்டிக்கொண்டு, பையனையும் ஜனத்தையும் கூட்டிக்கொண்டு வெளியே போனாள். வேனில் எல்லாரும் ஏறினார்கள். ஏகாம்பரம் ஏறவில்லை. அவரை விட்டுவிட்டுப் போகிறோம் என்பது வேன் புறப்பட்ட பிறகும் யாருக்கும் தெரியவில்லை.

அவர் படியிறங்கிக் கீழே பந்திக்கு வந்தார். பெண் வீட்டு ஜனங்கள் உட்காரப் போகிற வரிசைக்கு முன்னால் வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "அம்மா, சம்பந்தம்தான் இல்லைன்னு ஆச்சு. சாப்பிட்டுட்டுப் போகலாமா?" என்று கனகவல்லியிடம் கேட்டார்.

"இதென்ன கேள்விண்ணே, உக்காருங்க" என்றாள் கனகவல்லி. கடைசி இலைக்குப் போகப் பார்த்தவரைக் கையைப் பிடித்து இழுத்து முதல் இலையில் உட்கார வைத்தாள் ஜீவிதா. கனகவல்லியே பரிமாறினாள். சேமியா பாயசம் வந்தபோது, சுகர் இருக்கிறதே என்று அவள் கரண்டியைச் சற்றுத் தயங்கிப் பிடித்தாள். ஏகாம்பரம் நிமிர்ந்து பார்த்தார், கண்ணெல்லாம் தண்ணீர். "ஊத்தும்மா," என்றார், "இன்னிக்கு நான் செத்துப் பொழைச்சிருக்கேன்." மூன்று தடவை கேட்டு வாங்கிக் குடித்தார்.